ராணியம்மாவின் காதலன் யார்?

சரித்திரக் காதல் கதை என்றால் திருச்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் கிறுக்கு அதிகம். காவிரித் தண்ணியில் இருக்கிற சமாசாரமோ என்று எனக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். பாருங்களேன், வந்தியத்தேவனைக் குதிரையேற்றி அனுப்பிய கல்கி பிறந்தது மாயவரம் பக்கம் புத்தமங்கலம். ஆனால் படித்தது இங்கே, திருச்சி தேசியப் பள்ளியில். (1921-ல் காந்தி கூப்பிட்டார் என்று பரீட்சைக்குக் கூட உட்காராமல் கிளம்பிப் போனார். வீட்டில் என்ன திட்டு விழுந்ததோ!) 'கடல் புறா' சாண்டில்யன் நம்ம செயின்ட் ஜோசப் காலேஜ் மாணவர். ஸ்ரீரங்கத்து சுஜாதாவாவது கம்ப்யூட்டரோடு நின்றாரா? 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை' என்று ராஜராஜன் காலத்துக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் வந்தார்.

எழுதினவர்கள் கதை இது. படித்தவர்கள் கதை இன்னும் விசேஷம். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எந்தப் பழைய வீட்டுப் பரணை வேண்டுமானாலும் துழாவுங்கள். பித்தளை அண்டா, உடைந்த தொட்டில், அதற்குப் பின்னால் காலிகோ அட்டை போட்டு பைண்டு பண்ணின 'பொன்னியின் செல்வன்' கட்டாயம் இருக்கும். 1950-லிருந்து 54 வரை வாராவாரம் 'கல்கி'யிலிருந்து கிழித்துச் சேர்த்தது. மணியம் வரைந்த குந்தவை ஒரு பக்கம், அவளுக்குப் பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம். அடுத்த அட்டையில் 'குமுத'த்தின் சாண்டில்யன். அதற்கு லதாவின் படம். இந்த வால்யூமை மட்டும் சின்னப் பசங்கள் கையில் எட்டாத உயரத்தில் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். எட்டாத உயரத்தில் வைத்ததால்தான் எல்லோரும் படித்தோம் என்பது வேறு விஷயம்.

கதையில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? நிலா. நந்தவனம். தோழி கையில் ஓலை. காயத்தோடு வந்து விழும் வாலிபன், அவனுக்குப் பச்சிலை அரைத்துக் கட்டும் இளவரசி. மாறுவேடம். அப்புறம் சுரங்கப்பாதை. நம்ம சரித்திர நாவல்களில் வரும் சுரங்கப்பாதைகளை நிஜமென்று நம்பினால், அந்த நாளில் பூமிக்கு மேலே நடந்தவர்களே இருந்திருக்க மாட்டார்கள்!

இதில் ஐரோப்பா சரக்கும் உண்டு. 1937-ல் வந்த 'அம்பிகாபதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழ ராஜா மகள் அமராவதிக்கும் காதல். சிருங்காரம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் பெண் உனக்கு, இல்லாவிட்டால் தலை எனக்கு என்கிறார் ராஜா. கடவுள் வாழ்த்தையும் ஒன்றாகக் கணக்கில் சேர்த்துவிட்ட அமராவதி, தொண்ணூற்றொன்பதிலேயே ஆனந்தமாக எட்டிப் பார்க்க, அவளைப் பார்த்ததும் பாட்டு காதல் பாட்டாகி, தலை போகிறது. (சரித்திரத்திலேயே எண்ணிக்கைப் பிழைக்குக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய விலை இதுதான். ஆடிட்டர்கள் கவனிக்கவும்.) படத்தை எடுத்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்கர். தமிழ் தெரியாது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டை எடுத்து, காதல் கட்டங்களைக் காட்டி, "இந்த மாதிரி தமிழில் வேணும்" என்று வசனகர்த்தா இளங்கோவனிடம் கேட்டு வாங்கினார். இத்தாலியில் நடக்கிற கதை, இங்கிலாந்தில் நாடகமாகி, அமெரிக்கர் கை வழியாகச் சோழன் அரண்மனை உப்பரிகையில் ஏறிய விதம் இது.

ஹீரோ எம்.கே. தியாகராஜ பாகவதர். திருச்சியில் வளர்ந்து, இங்கேயே ரசிக ரஞ்சனி சபாவில் சின்னப் பையனாக லோகிதாசன் வேஷம் கட்டியவர். இருபது வருஷம் கழித்து, 1957-ல் மறுபடி 'அம்பிகாபதி' எடுத்தார்கள். ஹீரோ சிவாஜி கணேசன். அவர் வளர்ந்ததும் திருச்சி, சங்கிலியாண்டபுரம்! சோழ ராஜா மகளைக் காதலித்துத் தலையை இழக்க வேண்டுமென்றால் திருச்சிப் பையனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

சிரித்தாயிற்று. இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கற்பனை அரண்மனைகளை விடுங்கள். திருச்சியில் நிஜமாகவே ஒரு அரண்மனை இருந்தது. அங்கே நிஜமாகவே ராணிகள் இருந்தார்கள். மதுரை நாயக்கர் சொக்கநாதர் 1665 வாக்கில் தலைநகரை மதுரையிலிருந்து இங்கே மாற்றினார். அங்கே தாத்தா திருமலை நாயக்கர் கட்டிய மகாலைப் பிரித்து, சாமான்களை இங்கே கொண்டுவந்து வீடு கட்டினதாகச் சொல்வார்கள். (மதுரைக்காரர்கள் இன்னும் மன்னிக்கவில்லை.) அந்த அரண்மனையில் மிஞ்சியிருக்கும் தர்பார் மண்டபம் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில்தான் அரசு அருங்காட்சியகம். சிலைகளையும் நாணயங்களையும் பார்த்துவிட்டு, அண்ணாந்து கூரையையும் பாருங்கள். கட்டினவர் சொக்கநாதர். ஊர் வைத்திருக்கிற பெயரோ ராணி மங்கம்மாள் மகால்.

இந்த சொக்கநாதர் சம்பந்தப்பட்ட ஒரு கல்யாண விவகாரம் உண்டு. தஞ்சாவூர் நாயக்கர் விஜயராகவரின் மகளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். கிழவர் மறுத்துவிட்டார். நம்மாத்தில் என்றால் "சரி, வேற ஜாதகம் பாருங்கோ" என்று தரகரிடம் சொல்லியிருப்போம். சொக்கநாதர் படையை அனுப்பினார். 1673. கோட்டை விழுகிற நேரம். விஜயராகவர் அந்தப்புரத்தில் வெடிமருந்தை நிரப்பி வைக்கச் சொல்லிவிட்டுச் சண்டைக்குப் போனார். தன்னைப் பெண் கேட்டு வந்த சண்டையில், அந்தப் பெண்ணும், அரண்மனைப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே வெடியில் போனார்கள். எண்பது வயசுக் கிழவர், கண் மேல் தொங்கிய இமையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சண்டை போட்டு விழுந்தார் என்று ஒரு கதை. அந்தப் பெண்ணின் பெயரைக் கூடச் சொல்வாரில்லை. அவளுக்கு சொக்கநாதரைப் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று எந்த நாவலிலும் நான் படித்ததில்லை. இவ்வளவு ரத்தம் சிந்தி ஜெயித்த தஞ்சாவூராவது நிலைத்ததா? இரண்டு மூன்று வருஷத்துக்குள் மராட்டிய ஏகோஜி கைக்குப் போய்விட்டது.

அந்தத் தஞ்சாவூர் இளவரசி மேலேயே சொக்கநாதருக்கு நினைப்பாக இருந்ததால், ஏற்கெனவே கட்டிக்கொண்ட மனைவிக்குப் பட்டத்து ராணி ஸ்தானம் ரொம்ப நாள் கிடைக்கவில்லை என்கிறார்கள். அந்த மனைவிதான் மங்கம்மாள். துபாகுல லிங்கம நாயக்கர் என்ற தளபதியின் மகள்.

சொக்கநாதர் 1682-ல் போனார். மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் பட்டத்துக்கு வந்தார். தைரியசாலிப் பையன். ஔரங்கசீப்பின் செருப்பை யானை மேல் வைத்து ஊர் ஊராக அனுப்பி, "விழுந்து கும்பிடு" என்றார்களாம். திருச்சிக்கு வந்ததும் இவர் அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டு, "உங்க பாதுஷாவுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? ஒத்தைச் செருப்பை அனுப்பியிருக்காரே, இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டதாகக் கதை. ராஜாக்கள் வதவதவென்று கல்யாணம் பண்ணிக்கொண்ட காலத்தில், இவருக்கு மனைவி ஒரே ஒருத்தி, முத்தம்மாள். 1689-ல் அம்மை வார்த்துப் போய்விட்டார். அவள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. கூடவே நெருப்பில் விழுகிறேன் என்றவளை மாமியார் மங்கம்மாள்தான் பிடித்து நிறுத்தினாள். பிள்ளை பிறந்த சில நாளில், முத்தம்மாள் தானே உயிரை முடித்துக்கொண்டாள்.

கணவன் இல்லை. மகன் இல்லை. மருமகளும் இல்லை. மடியில் ஒரு சிசு. வெளியே டில்லிப் படை, மைசூர்ப் படை, தஞ்சாவூர் மராட்டியப் படை, போதாக்குறைக்கு ராமநாதபுரம் சேதுபதி. மூன்று மாசக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, மங்கம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சுமார் பதினைந்து வருஷம் உட்கார்ந்தாள் சார். சும்மாவா? முகலாயருக்கு முன்னால் வீரவசனம் பேசிப் பிரயோஜனமில்லை என்று கப்பம் கட்டி, அவர்கள் படையை வைத்தே தஞ்சாவூரார் பிடித்திருந்த இடங்களை மீட்டாள். திருவிதாங்கூர் கப்பம் பாக்கி வைத்தது. தளவாய் நரசப்பையாவை அனுப்பி வசூல் பண்ணினாள். 1702-ல் கிழவன் சேதுபதியோடு மோதினதில் தோல்வி. நரசப்பையாவும் செத்துப்போனார். எல்லாம் ஜெயம் என்று சொல்ல நான் வரவில்லை.

எனக்குப் பிடித்த கட்டம் வேறு. மைசூர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை போட்டுத் தண்ணியை நிறுத்தினார். (ஆமாம், அப்பவே!) திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் அதுவரை ஆகவே ஆகாது. ஆனால் தண்ணி வராவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு கிடையாதே. மங்கம்மாளும் தஞ்சாவூர் ஷாஹஜியும் கைகோத்துக்கொண்டு மைசூர் மேல் கிளம்பத் தயாரானார்கள். அதற்குள் மேலே கொட்டின மழையில் அணையே உடைந்து, தண்ணி தானாக வந்துவிட்டது. ஒரு படத்துக்கு இதைவிட என்ன க்ளைமாக்ஸ் வேண்டும்? படையும் தயார், எதிரியும் தயார், கடைசி ரீலில் காவிரி வருகிறது!

இதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மாட்டீர்கள். ராணி மங்கம்மாள் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறது? எனக்குச் சின்ன வயசில் சொன்னார்கள், உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள்: "அவளுக்கும் அந்த அச்சையாவுக்கும் ஒரு இது." அச்சையா அவளிடம் வேலை பார்த்த அதிகாரி. இதைத் தெரிந்துகொண்ட பேரன், வளர்ந்ததும் பாட்டியை அறையில் அடைத்தான். சாப்பாட்டை அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கைக்கு எட்டாத மாதிரி வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றான். இதுதான் ஊர் சொல்கிற கதை. எந்த அறை? திருச்சியில் கேட்டால் திருச்சி, மதுரையில் கேட்டால் மதுரை. செவிவழிக் கதைக்கு விலாசம் எதற்கு!

போன கோடை விடுமுறையில் அந்த மகாலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு குடும்பம் வந்தது. பெண் குழந்தை, ஏழெட்டு வயசிருக்கும். "அப்பா, இந்த ராணி என்ன பண்ணா?" என்று கேட்டது. அப்பா கொஞ்சம் யோசித்து, "ஏதோ தப்புப் பண்ணிட்டாம்மா. அதான் சாப்பாடு குடுக்காம போட்டுட்டாங்க" என்றார். குழந்தை கூரையைப் பார்த்துவிட்டு, "என்ன தப்பு?" என்றது. அப்பா செல்போனை எடுத்துப் போட்டோ பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைச் சொல்லி என்ன, ஊரே அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறது. மங்கம்மாள் சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், வழி நெடுக மரம் வைத்தாள். மதுரை ரயில்வே ஸ்டேஷன் எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் போகிற பழைய சாலைக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். இதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள் தெரியுமோ? ஒருநாள் ஞாபக மறதியாக இடது கையால் வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். அந்தப் பாவத்துக்குப் பிராயச்சித்தமாகத்தான் ரோடு போட்டாளாம்!

நான் காமர்ஸ் படித்தவன். ரோடு என்றால் எனக்கு முதலில் தோன்றுவது வண்டி. வண்டி என்றால் சரக்கு, சரக்கு என்றால் சுங்கம், சுங்கம் என்றால் கஜானா. நாலு பக்கமும் கப்பம் கட்டவும் படைக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டும், அதனால் வியாபாரம் நடக்க வழி பண்ணினாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண் ராஜா ரோடு போட்டால் ஏழாம் வகுப்புப் பாடத்தில் 'சிறந்த நிர்வாகி', ஐந்து மார்க். ராணி போட்டால் இடது கை வெற்றிலை.

வெளிநாட்டுக்காரன் மட்டும் என்ன ஒழுங்கு? இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1558-லிருந்து 1603 வரை ஆண்டாள். ஸ்பெயின் கப்பற்படையை 1588-ல் திருப்பி அனுப்பினாள். நம்ம சேகர் கபூர் 1998-ல் 'எலிசபெத்' படம் எடுத்தார், பிரமாதமான படம். ஆனால் அதிலும் விவகாரம் என்ன? ராபர்ட் டட்லியோடு காதலா, இல்லையா என்பதுதான். கடைசியில் காதலைத் துறந்து, முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு சிலை மாதிரி வந்து உட்காருகிறாள். அவள் அப்பா எட்டாம் ஹென்றிக்கு ஆறு கல்யாணம். ராஜ்யமா, காதலா என்று அந்த மனுஷரை ஒருத்தராவது கேட்டதுண்டா? சலீமுக்காக 'மொகலே ஆஸம்' (1960) எடுத்து உருகினோம். அக்பர் நாமாவிலும் அனார்கலி இல்லை, ஜஹாங்கீர் தானே எழுதிய சுயசரிதையிலும் இல்லை. இல்லாத பெண்ணுக்குக் கூட நாம் சுவர் எழுப்பிவிட்டோம்.

மங்கம்மாள் வளர்த்த பேரன் விஜயரங்கர் 1732-ல் பிள்ளையில்லாமல் போக, அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தாள். உறவுக்காரர்கள் சண்டைக்கு நிற்க, ஆற்காட்டு சந்தா சாகிப்பைத் துணைக்கு நம்பினாள். அவர் குரான் மேல் சத்தியம் பண்ணிக் கொடுத்தார். பட்டுத் துணிக்குள் இருந்தது குரான் இல்லை, செங்கல் என்பார்கள். 1736-ல் சிறையில் விஷம் குடித்துச் செத்தாள். நாயக்கர் ஆட்சி அத்தோடு சரி. அரசியல் ஏமாற்று, அவ்வளவுதானே? இதிலும் "அவளுக்கு சந்தா சாகிப் மேல் ஒரு மயக்கம்" என்று ஒரு கதையைச் செருகி வைத்தவர்கள் உண்டு!

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் காதல் கதைகள் இன்னும் பழசு. 1311 படையெடுப்பில் டில்லிக்குப் போன அழகிய மணவாளர் விக்கிரகத்தின் மேல் சுல்தான் மகளுக்குக் காதல். பின்னாலேயே ஸ்ரீரங்கம் வரை வந்து உயிரை விட்டாள் என்பது ஐதீகம். துலுக்க நாச்சியார் என்று கோயிலுக்குள்ளேயே சித்திர ரூபமாக இருக்கிறாள். ரொட்டியும் வெண்ணெயும் இன்றைக்கும் நைவேத்யம். எந்த ஊரில் நடக்கும் இது! 1323-ல் மறுபடி படை வந்தபோது, வெள்ளை என்ற தாசிப் பெண் தளபதியை மயக்கிக் கிழக்கு கோபுரத்து உச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளிவிட்டு, தானும் குதித்தாள். வெள்ளை கோபுரம் அவள் பெயரில்தான் என்பார்கள்.

கவனித்தீர்களா? தஞ்சாவூர்ப் பெண் வெடியில். முத்தம்மாள், மீனாட்சி தங்கள் கையாலேயே. டில்லிப் பெண் ஏங்கி. வெள்ளை குதித்து. மங்கம்மாள் பட்டினியில். 'அரண்மனைக் காதல்' என்று நாம் தலையணைக்கடியில் வைத்துப் படிக்கிற சமாசாரத்தில் பெண்ணுக்குக் கிடைக்கிற கடைசி அத்தியாயம் இதுதான்.

ஒரே ஒரு கதை இந்த வரிசையில் சேராது. ஸ்ரீரங்கத்து மாமிகளைக் கேட்டால் அதைத்தான் ஒசத்தி என்பார்கள். அதற்கு டிக்கெட்டும் கிடையாது. பங்குனியில் போனால் போதும்.

உறையூரில் சோழ ராஜா மகள் கமலவல்லி. நம்பெருமாள் பங்குனி ஆயில்யத்தன்று பல்லக்கில் காவிரி தாண்டி உறையூர் போய், அவளோடு சேர்த்தி. விஷயம் இங்கே பெரிய தாயார் காதுக்கு எட்டாமல் இருக்குமா? உத்திரத்தன்று பெருமாள் தாயார் சந்நிதிக்கு வருகிறார். ஸ்ரீரங்கத்துத் தாயார் படிதாண்டாப் பத்தினி, எந்த நாளும் சந்நிதியை விட்டு வெளியே வரமாட்டாள். அன்றைக்கோ அவரையும் உள்ளே விடமாட்டாள். கதவு படாரென்று சாத்தப்படும். பெருமாள் முன்னே வர, கதவு திறந்து மூட, உள்ளேயிருந்து பூவும் பழமும் வெண்ணெயும் அவர் மேல் வந்து விழும். மூன்று உலகத்தையும் அளந்தவர், ஒரு வாசப்படியைத் தாண்ட முடியாமல் பின்வாங்குவார்.

அப்புறம் வசனம். இரண்டு தரப்புக்கும் ஆள் நின்று படிப்பார்கள். பிரணய கலகம் என்று பெயர். "கண் ஏன் சிவந்திருக்கு?" என்று தாயார் தரப்பு. உலகத்தைக் காக்கக் கண்விழித்ததால் என்பது பெருமாள் தரப்பு. தலை ஏன் கலைந்திருக்கு? குதிரை சவாரி. ஏன் இவ்வளவு நேரம்? மோதிரம் தொலைந்தது, தேடினேன். நம்ம வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு நடக்கிற விசாரணைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது! சத்தியம் பண்ணுகிறேன் என்கிறார். கடலில் மூழ்கட்டுமா? கடல்தானே உமக்குப் படுக்கையறை! பாம்புக் குடத்தில் கை விடட்டுமா? பாம்பு மேலேதானே தூங்குகிறீர்! நெய்க் குடத்தில்? கிருஷ்ணாவதாரத்தில் அதுதானே வேலை! கேட்கிற கூட்டம் சிரிக்கிற சிரிப்பில் மண்டபம் அதிரும். அதிலும் பெண்கள் பக்கம்.

கடைசியில் நம்மாழ்வார் நடுவில் வந்து சமாதானம் பேசுகிறார். கதவு திறக்கிறது. பெருமாளும் தாயாரும் ஒன்றாக உட்காருகிற சேர்த்தி, வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான். ராமானுஜர் கத்யத்ரயம் பாடியது இந்தச் சேர்த்தியின் முன்னால்தான் என்பார்கள். வரிசை வெளியே வரை நிற்கும். கைக்குழந்தைகளோடு வந்தவர்கள் கம்பத்தடியில் சாய்ந்து தூங்குவார்கள். மறுநாள் கோரதம்.